வந்தவங்க ஏன் ஓடுறாங்க?

உங்க க்ளாஸ்ல இப்படி ஒரு பார்ட்டி கண்டிப்பா இருப்பாரு. அப்பாவோட ஹார்டுவேர் கடைக்கு ஒரு வெப்சைட், அக்காவோட டெய்லரிங் யூனிட்டுக்கு ஒரு வெப்சைட், டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு வெப்சைட்னு லேப்டாப்பும் கையுமா அலையுற பார்ட்டி. ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்! சைட் ரெடியாகி, லிங்க்கை எல்லா வாட்ஸ்அப் குரூப்லேயும் தட்டி விட்டதும் வர்ற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்... 'எத்தனை பேர் வந்தாங்க?'

தப்பான கேள்வி பாஸ்! 'வந்தவங்கள்ல எத்தனை பேர் நின்னாங்க?' இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு ஜவுளிக் கடையை நினைச்சுக்கோங்க. ஆயிரம் பேர் வாசல்ல எட்டிப் பார்த்துட்டு அப்படியே நடையைக் கட்டினா, ராத்திரி கல்லாவில் என்ன இருக்கும்? அதுவும் கடைன்னா உள்ளே வந்தவர் லேசுல வெளியே போக முடியாது. படி இறங்கணும். 'என்ன சார், ஒண்ணும் பிடிக்கலையா?'னு கேட்கிற சேல்ஸ்மேனோட பாவமான முகத்தைப் பார்க்கணும். வெப்சைட்ல அந்தச் சங்கடமே கிடையாது. கட்டை விரலால் ஒரு தட்டு... ஆள் எஸ்கேப்! விளம்பரம் கொடுத்து வரவழைச்ச ஆளா இருந்தா, அவர் உள்ளே வந்த அந்த ஒரு க்ளிக்குக்கே உங்க அப்பாவோட காசு போயிருக்கும்.

அப்போ, வந்தவரை எப்படி நிறுத்தி வைக்கிறது? முதல்ல ஒரு சோகக் கதை சொல்றேன், கேளுங்க.

லண்டனில் வாடிய 'பூ'!

'பூ டாட் காம்'. மல்லிகைப் பூ இல்லீங்க, இது லண்டன் பூ! எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டன், காய்ஸா லியாண்டர், பாட்ரிக் ஹெடலின் என்ற மூன்று ஸ்வீடன்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. இன்டர்நெட்டில் பிராண்டட் ஃபேஷன் டிரெஸ் விற்பதுதான் பிசினஸ். பணம் போட்டவர்கள் யார் தெரியுமா? லூயி வுய்ட்டானை கையில் வைத்திருக்கும் பெர்னார்ட் ஆர்னோ, பெனட்டன் குடும்பம், கோல்ட்மேன் சாக்ஸ்... எல்லாமே பெரிய கைகள்!

1999 மே மாதம் திறப்பு விழா என்று சொன்னார்கள். தள்ளித் தள்ளிப் போய் நவம்பரில் ஒருவழியாகத் திறந்தார்கள். ஒரே நேரத்தில் 18 நாடுகளில்! சைட் உள்ளே போனால் 'மிஸ் பூ'ன்னு ஒரு கார்ட்டூன் பொண்ணு வந்து பேசும். டிரெஸ்ஸைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்க்கலாம். இன்னிக்குப் பார்த்தாலும் 'அட!' போட வைக்கிற ஐடியாதான். ஆனா, அந்த வருஷத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது டயல்-அப் மோடம். ட்ரிங்... கீய்ய்ங்... கர்ர்ர்னு கத்திட்டு கனெக்ட் ஆகுமே, அதேதான்!

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? (நாம இன்ஜினீயரிங் பார்ட்டி, கணக்கு இல்லாம எப்படி?) அந்த மோடத்தோட வேகம் செகண்டுக்கு அதிகபட்சம் 56 கிலோபிட். எட்டால் வகுத்தா 7 கிலோபைட். ஒரு பக்கம் 350 கிலோபைட் கனம் இருந்தா, அது முழுசா இறங்க 50 செகண்ட். இது எல்லாம் ஒழுங்கா நடந்தா ஆகுற நேரம். நிஜத்தில் இன்னும் இழுக்கும். போதாக்குறைக்கு, அந்த அனிமேஷன் எல்லாம் ஓட ஃப்ளாஷ் ப்ளக்-இன் வேணும். மேக் கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்களுக்கு ஆரம்பத்தில் கடை திறக்கவே இல்லை!

வாங்கணும்னு வந்தவங்க காத்திருந்து காத்திருந்து கிளம்பிட்டாங்க. 2000 மே 18-ம் தேதி கம்பெனிக்குப் பூட்டு. கடை திறந்து ஏழு மாதம்கூட முழுசா முடியலை. கரைந்த பணம் சுமார் 13.5 கோடி டாலர்!

வேகம் மட்டும்தான் காரணமான்னா, இல்லை. விளம்பரத்துக்கும் ஆபீஸ்களுக்கும் ஆட்களுக்கும் பணத்தைத் தண்ணியா செலவழிச்சாங்க. அதே நேரம் டாட் காம் கம்பெனிகளோட ஷேர்கள் சரிய ஆரம்பிச்சதால, புதுசா பணம் போடவும் ஆள் இல்லை. ஆனா, வந்த வாடிக்கையாளரை வாசல்லேயே நிற்க வெச்ச கடை, கஷ்ட காலத்தில் எதை வெச்சுத் தாக்குப் பிடிக்கும், சொல்லுங்க?

ஒரு செகண்ட் ப்ளீஸ்!

'அது மோடம் காலம். இப்போதான் 5-ஜி வந்தாச்சே!'ங்கிறீங்களா? நெட் வேகமாச்சு. கூடவே நம்ம பொறுமையும் குறைஞ்சுபோச்சே பாஸ்!

வெப்சைட் யூஸபிலிட்டி பற்றிப் பேசினால் முதலில் வரும் பெயர் ஜேக்கப் நீல்சன். 1993-ல் எழுதிய புத்தகத்தில் மூன்று நம்பர் சொன்னார். பட்டனைத் தட்டி 0.1 செகண்டுக்குள் பதில் வந்தால், அது உடனே நடந்ததாகத் தோன்றும். 1 செகண்ட் வரைக்கும் தாமதம் தெரியும், ஆனாலும் யோசனை அறுந்து போகாது. 10 செகண்ட்தான் கடைசி எல்லை. அதுக்கு மேலே போனால் மனசு வேற வேலைக்குத் தாவிவிடும். மனுஷ மூளையோட கணக்கு இது. அதனால்தான் மோடம் போயும் இது மாறலை.

2006-ல் கூகுளின் மரிஸா மேயர் ஒரு மாநாட்டில் சொன்ன சோதனை இன்னும் சுவாரஸ்யம். 'ஒரு பக்கத்துக்கு எத்தனை ரிசல்ட் வேணும்?'னு ஆட்களைக் கேட்டிருக்காங்க. '10 பத்தாது, நிறைய வேணும்'னு பதில் வந்திருக்கு. சரின்னு 30 கொடுத்துப் பார்த்தா, தேடுறவங்க எண்ணிக்கை 20 சதவிகிதம் சரிஞ்சுடுச்சு! ஏன்னு தோண்டினா, 10 ரிசல்ட் வர 0.4 செகண்ட், 30 வர 0.9 செகண்ட். அந்த அரை செகண்ட்தான் வில்லன். கவனிச்சீங்களா? வாயால கேட்டது ஒண்ணு, விரல் செஞ்சது வேற!

2016-ல் கூகுள் வெளியிட்ட இன்னொரு கணக்கு: மொபைலில் ஒரு பக்கம் திறக்க 3 செகண்டுக்கு மேலே ஆனால், 53 சதவிகித வருகைகள் அங்கேயே கைவிடப்படுகின்றன. அதாவது பாதிக்கும் மேல காலி!

இப்போ கூகுள் ஒரு சைட்டை அளக்கிறதுக்கு மூன்று அளவுகோல் வெச்சிருக்கு. பக்கத்தோட பெரிய சமாசாரம், அதாவது முக்கியமான படமோ எழுத்தோ, 2.5 செகண்டுக்குள் கண்ணுக்குத் தெரியணும். தட்டினா 200 மில்லி செகண்டுக்குள் திரையில் அசைவு தெரியணும். மூணாவதுதான் செம மேட்டர்... பக்கம் குதிக்கக் கூடாது! நீங்க 'வேண்டாம்'னு தட்டப் போற நேரத்தில், மேலே ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்து, எல்லாம் கீழே நகர்ந்து, உங்க விரல் 'வாங்கு'ல போய் விழுமே... அந்தக் கொடுமைக்கும் ஒரு மார்க் இருக்கு. அது 0.1-க்குள் இருக்கணும்.

சரி, நாம என்ன செய்யலாம்? கேமராவில் எடுத்த போட்டோவை அப்படியே தூக்கிப் போடாதீங்க. திரையில் தெரியப்போற அளவுக்குச் சுருக்கிப் போடுங்க. படத்தோட அகலம், உயரத்தை கோடிங்கில் முன்னாடியே சொல்லிடுங்க, பக்கம் குதிக்காது. கீழே இருக்கிற படங்கள், ஆள் கீழே வரும்போது இறங்கினா போதும். எங்கேயோ பார்த்து ஆசைப்பட்டு ஒட்டின ஸ்க்ரிப்ட்டுகளில் எது இல்லாமலும் சைட் ஓடும்னு பாருங்க. அதையெல்லாம் தூக்கிடுங்க. கடைசியா, லேப் வை-ஃபையில் டெஸ்ட் பண்ணாதீங்க. ஹாஸ்டல்லேயே பழைய போன் வெச்சிருக்கிற பையனைப் பிடிச்சு, சிக்னல் ஒழுங்கா கிடைக்காத இடத்துக்கு அழைச்சுட்டுப் போய்த் திறந்து காட்டச் சொல்லுங்க. உண்மை வெளியே வந்துடும்!

படிக்க மாட்டாங்க... மேய்வாங்க!

பக்கம் திறந்தாச்சு. அடுத்த பரீட்சை இன்னும் சீக்கிரம் வருது. கனடாவில் கார்ல்டன் யுனிவர்சிட்டியைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்ட் குழு 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பக்கம் பார்க்க நல்லா இருக்கா, இல்லையாங்கிற முடிவுக்கு வர 50 மில்லி செகண்டே போதும்னு தெரிஞ்சது. கண் சிமிட்டுற நேரத்தைவிடக் குறைவு!

அதுக்கப்புறமாவது வரிக்கு வரி படிப்பாங்களா? ம்ஹூம்! நீல்சன் 1997-ல் வெளியிட்ட சோதனையில், புதுசா ஒரு பக்கம் வந்தா 79 சதவிகிதம் பேர் மேலோட்டமா மேய்ஞ்சாங்க. ஒவ்வொரு வார்த்தையா படிச்சவங்க 16 சதவிகிதம்தான். 2006-ல் 232 பேரோட கண் எங்கெங்கே போகுதுன்னு கருவி வெச்சுப் பார்த்தப்போ, அந்தப் பாதை இங்கிலீஷ் 'எஃப்' எழுத்து மாதிரி இருந்துச்சு. மேலே ஒரு வரி முழுசா, கொஞ்சம் கீழே பாதி வரி, அப்புறம் இடது ஓரமாவே சர்ர்ருனு கீழே!

இப்போ உங்க சைட்டோட முதல் பக்கத்தைப் பாருங்க. 'எங்கள் இணையதளத்துக்கு தங்களை அன்புடன் வரவேற்கிறோம். 1985 முதல் தங்கள் சேவையில்...'னு ஆரம்பிக்குதா? ஸாரி பாஸ், கண் அதிகம் தங்குற இடத்தில் வணக்கம் போட்டு வீணாக்கிட்டீங்க. வந்தவர் மனசுல மூணே கேள்விதான். 'இங்கே என்ன கிடைக்கும்? என்ன விலை? எப்படி வாங்குறது?' ஹார்டுவேர் கடைன்னா, 'பி.வி.சி பைப் முதல் பெயின்ட் வரை... காலையில் சொன்னா சாயங்காலம் டோர் டெலிவரி'ன்னு முதல் வரி இருக்கட்டும். போன் நம்பர் மேலேயே, தட்டினா டயல் ஆகுற மாதிரி இருக்கட்டும். தாத்தா கடை ஆரம்பிச்ச கதை அருமையான கதைதான். அதுக்கு தனியா ஒரு பக்கம் கொடுங்க. விரும்பி வர்றவங்க படிப்பாங்க.

30 கோடி டாலர் பட்டன்!

இது காலேஜ் கேன்டீன்ல சொல்லிக் கைதட்டல் வாங்க வேண்டிய கதை. சொன்னவர் ஜேரட் ஸ்பூல், அமெரிக்காவின் யூஸபிலிட்டி நிபுணர். 2009-ல் வெளியில் வந்தது. கடையின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை.

பெரிய ஆன்லைன் கடை. பொருளைத் தேர்ந்தெடுத்து, கூடையில் போட்டு, பணம் கட்டப் போகும்போது குறுக்கே ஒரு படிவம். இமெயில், பாஸ்வேர்டுன்னு ரெண்டு கட்டம். லாக்-இன், ரெஜிஸ்டர்னு ரெண்டு பட்டன். 'பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா?'ன்னு ஒரு லிங்க். அவ்வளவுதான். வடிவமைச்சவங்க நினைச்சது என்னன்னா, 'ஒரு தடவை பதிவு பண்ணிட்டா அடுத்த தடவை ஈஸி. கஸ்டமருக்கு நல்லதுதானே?'

ஆட்களைப் பக்கத்தில் உட்கார வெச்சுப் பார்த்தப்போதான் நிஜம் புரிஞ்சது. புதுசா வந்தவங்க கடுப்பானாங்க. 'பொருள் வாங்கத்தானே வந்தேன், எதுக்கு என் ஜாதகம்?'ங்கிற ரேஞ்சுக்குக் கோபம். பழைய கஸ்டமர்களாவது சந்தோஷப்பட்டாங்களா? எந்த இமெயில் கொடுத்தோம், என்ன பாஸ்வேர்டு வெச்சோம்னு அவங்களுக்கும் ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு 1,60,000 பேர் மறந்த பாஸ்வேர்டைக் கேட்டிருக்காங்க. அப்படிக் கேட்டவங்கள்ல 75 சதவிகிதம் பேர் திரும்பி வந்து வாங்கவே இல்லை!

தீர்வு ரொம்பச் சிம்பிள். 'ரெஜிஸ்டர்' பட்டனை எடுத்துட்டு, 'தொடரவும்'னு ஒரு பட்டன். பக்கத்தில், 'வாங்குறதுக்குக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. விருப்பப்பட்டா பிறகு தொடங்கலாம்'ங்கிற அர்த்தத்தில் சின்னதா ஒரு குறிப்பு. வாங்கி முடிச்சவங்க எண்ணிக்கை 45 சதவிகிதம் எகிறிடுச்சு! முதல் வருஷத்தில் கூடுதலா வந்தது 30 கோடி டாலர்!

இதில் நமக்குப் பாடம் என்ன? டிசைன் பண்ணவங்க யாரும் முட்டாள் இல்லை. ரூமுக்குள்ளேயே உட்கார்ந்து முடிவு பண்ணாங்க, அவ்வளவுதான். உங்க சைட் முடிஞ்சதும் அத்தையையோ, எதிர் வீட்டு அண்ணனையோ கூப்பிட்டு, 'இதில் ஒரு கிலோ ஆணி ஆர்டர் பண்ணுங்க பார்ப்போம்'னு சொல்லுங்க. நீங்க வாயே திறக்கக் கூடாது. 'அங்கே தட்டுங்க அத்தை'ன்னு சொல்ல நாக்கு துடிக்கும் பாருங்க... அந்த இடம்தான் சைட்ல திருத்த வேண்டிய இடம்!

எவ்வளவு நேரம் நின்னா நல்லது?

இங்கேதான் பலரும் வழுக்கி விழுறாங்க. 'நிறைய நேரம் இருந்தா நல்ல சைட்'னு ஒரு நினைப்பு. போன் நம்பர் தேடி வந்தவர், 15 செகண்டில் கண்டுபிடிச்சு, போன் போட்டு ஆர்டர் கொடுத்துட்டார். அது தோல்வியா? அதே நம்பரைத் தேடி இன்னொருத்தர் ஆறு நிமிஷம் எல்லாப் பக்கமும் சுத்தி, வெறுத்துப் போய் மூடிட்டார். அது வெற்றியா?

2023 ஜூலையில் பழைய அனலிட்டிக்ஸுக்கு விடை கொடுத்து, ஜி.ஏ-4க்கு மாறிய கூகுள், இந்த விஷயத்தைக் கொஞ்சம் தெளிவா பார்க்குது. 10 செகண்டுக்கு மேல இருந்தாலோ, ரெண்டு பக்கம் பார்த்தாலோ, அல்லது முக்கியம்னு நீங்க குறிச்சு வெச்ச வேலையை முடிச்சாலோதான் 'ஈடுபாட்டோட வந்தவர்'னு கணக்கு. இதில் மூணாவது ரொம்ப முக்கியம். எது வெற்றின்னு நீங்கதான் முடிவு பண்ணணும். போன் வர்றதா? ஆர்டரா? கடைக்கு வழி கேட்டு மேப்பைத் தட்டுறதா? அதை முடிவு பண்ணாம நம்பரை மட்டும் பார்த்துட்டு இருந்தா, சிலபஸ் தெரியாம பரீட்சை எழுதுற கதைதான்!

நிறுத்துறது வேற... பிடிச்சு வைக்கிறது வேற!

இப்போ கொஞ்சம் சீரியஸ் மேட்டர். வந்தவரை நிறுத்த இன்னொரு வழியும் இருக்கு. ஏமாத்துறது! 'இன்னும் 2 பீஸ்தான் பாக்கி!'ன்னு பொய் சொல்றது. நீங்க கேட்காத இன்ஷூரன்ஸை நைஸா கூடையில் போடுறது. கடைசி நிமிஷத்தில் புதுசா ஒரு கட்டணம் முளைக்கிறது. 'வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிக்கப் பிடிக்காது'ன்னு பட்டன் வெச்சு, மறுக்கிறவரைக் குத்திக் காட்டுறது. உள்ளே வர ஒரு க்ளிக், வெளியே போக பதினஞ்சு க்ளிக்!

இதுக்கெல்லாம் சேர்த்து 'டார்க் பேட்டர்ன்'னு பேர் வெச்சவர் இங்கிலாந்தின் ஹாரி பிரிக்னல். வருஷம் 2010. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ம் தேதி வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. போன பாராவில் நான் சொன்ன எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கு. உங்களுக்கே இப்படி ஒரு தொல்லை நடந்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சுப் புகார் பண்ணலாம்.

'பெரிய கம்பெனியை யார் கேட்கப் போறா?'ன்னு நினைக்காதீங்க. அமேசான் பிரைம் சந்தாவில் சம்மதம் இல்லாம ஆட்களைச் சேர்த்ததா, ரத்து பண்ற வழியைச் சிக்கலாக்கினதா 2023-ல் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி வழக்கு போட்டது. ரத்து பண்ற அந்த வழிக்கு கம்பெனிக்குள்ளேயே வெச்சிருந்த செல்லப் பேர் 'இலியட்'னு அந்தப் புகாரில் இருக்கு. நீள நீளமா போற கிரேக்கக் காவியத்தோட பேர்! 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு சமரசமாச்சு. தப்பு செஞ்சதா அமேசான் ஒப்புக்கலை. ஆனா, அதில் 150 கோடி டாலர் கஸ்டமர்களுக்கே திரும்பப் போகணும்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன் தெரியுமா? இந்த பட்டனை எல்லாம் எங்கேயோ ஒரு கேபின்ல உட்கார்ந்து கோடிங் எழுதினது, நம்மள மாதிரி படிச்சு முடிச்சுட்டுப் போன ஒருத்தர்தான். கேம்பஸ் இன்டர்வியூவில் செலெக்ட் ஆகி, முதல் புராஜெக்ட்ல உட்காரும்போது, 'கேன்சல் பட்டனைக் கண்ணுக்குத் தெரியாம வைப்பா'ன்னு ஒருநாள் உங்ககிட்டயும் சொல்லலாம். 'சார், இது அந்த 13-ல வருது. அதோட இப்படி ஏமாந்தவர் திரும்பி வர மாட்டார்'னு சொல்ல நமக்கு விஷயமாவது தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

நம்ம ஊர் அண்ணாச்சி கடையை யோசிச்சுப் பாருங்க. ஏ.சி கிடையாது, அனிமேஷன் கிடையாது. கேட்டதும் பொருள் கைக்கு வரும். விலையைப் பளிச்சுனு சொல்லுவார். சில்லறையைச் சரியா கொடுப்பார். பிடிக்கலைன்னா மாத்தித் தருவார். அங்கே நாம நிற்கிறது ரெண்டே நிமிஷம்தான். ஆனா, நாளைக்கும் அங்கேதான் போவோம்!

உங்க சைட்டுக்கு வந்தவரும் ரெண்டு நிமிஷத்தில் போகட்டும் பாஸ். நாளைக்குத் திரும்பி வர்றாரான்னு மட்டும் பாருங்க!